அடியும் அங்குலமும் திகதியும் ரூபாவும்: தரவுத்தள ஸ்கிரிப்ட்டில் மாறிகளின் பெறுமதிகளை வடிவமைத்தல்

கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்காரர் அமைப்பு ஒன்றின் பதிவுகளைக் கவனிக்கும் ஒருவரின் கேள்வி இது. ஒவ்வொரு போகத்துக்கும் தாமே மாற்றியமைத்து ஓட்டும் எஸ்கியூஎல் ஸ்கிரிப்ட் ஒன்று, அதாவது தரவுத்தளத்துக்கான கட்டளைக் கோப்பு, அவரிடம் இருக்கிறது, தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். போகம், குளத்தின் பெயர், அளந்த திகதி, நீர்மட்டம், காணியின் அளவு, உரத்துக்கான தொகை ஆகியவை அதில் மாறிகள். நீர்மட்டத்துக்கு 34'6" என்று இட்டபோது ஸ்கிரிப்ட் பிழை காட்டி நின்றுவிட்டது. ஏப்ரல் 3 என்று பதிந்த திகதி மார்ச் 4 ஆக வெளிவந்தது. தொகைகளைக் கூட்டியபோது பல இலட்சம் வரவேண்டிய இடத்தில் நூறு ரூபாகூட வரவில்லை. பெறுமதிகளை எப்படி வடிவமைத்து எழுதினால் இவை சரியாகும் என்று கேட்கிறார்.

மூன்றும் தனித்தனிப் பிழைகளாகத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். ஒரே மாறியிடம் இரண்டு வேலைகள் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன: தரவுத்தளம் கணக்கிட வேண்டிய பெறுமதியாகவும், கூட்டத்தில் வாசிக்கப்படும் அறிக்கையின் எழுத்தாகவும் அதுவே இருக்க வேண்டியிருக்கிறது. உள்ளே போகும்போது பெறுமதிக்கு வடிவம் வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது வகை, அதாவது அது எண்ணா, திகதியா, எழுத்துத் தொடரா (சரமா) என்ற தெளிவு. வடிவம் வெளியே வரும்போது, கடைசி வரியில், ஒரே ஒரு முறை கொடுக்கப்பட வேண்டும். கீழே நான் சொல்லும் எல்லாமே இந்தப் பிரிவினையிலிருந்துதான் வருகின்றன.

நீர்மட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் வன்னியில் இந்த அளவைத்தான் மழைக்காலம் முழுவதும் நாள்தோறும் எழுதுகிறோம். அடிக்கு நாம் இடும் சிறு கோடும், எஸ்கியூஎல் ஒரு சரத்தைத் திறக்கவும் மூடவும் பயன்படுத்தும் ஒற்றை மேற்கோள்குறியும் விசைப்பலகையில் ஒரே விசை. ஆகவே 34'6" என்பதை மேற்கோளுக்குள் ஒட்டியதும் சரம் 34 உடன் முடிந்துவிடுகிறது, மிஞ்சிய 6" என்ன என்று தரவுத்தளத்துக்குத் தெரியவில்லை. இரட்டைக் கோட்டுக்கு ஓடினாலும் பயனில்லை. மைஎஸ்கியூஎல் இயல்பு நிலையில் இரட்டை மேற்கோளையும் சரத்தின் எல்லையாகவே எடுத்துக்கொள்ளும். சிலர் விசைப்பலகைக் குறிக்குப் பதிலாக வளைந்த மேற்கோள்குறியை இட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். அதைச் செய்ய வேண்டாம். பிழை மறையும், ஆனால் ஒரே அளவு இரண்டு விதமாகப் பதியப்பட்டு, பின்னர் தேடும்போது பாதிதான் அகப்படும். ஒற்றைக் குறியை இரண்டு தடவை எழுதுவதுதான் எஸ்கியூஎல்லின் முறையான வழி. ஆனால் இங்கே அதுவும் சரியான மருந்தன்று, ஏனெனில் நீர்மட்டம் எழுத்தாகவே இருக்கக் கூடாது.

அதை அங்குலத்தில், முழு எண்ணாகச் சேமியுங்கள். 34 அடி 6 அங்குலம் என்பது 414 அங்குலம். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் முழுக் கொள்ளளவு மட்டமான 36 அடி 432 அங்குலம். இப்போது எவ்வளவு உயர்ந்தது, வான் பாய இன்னும் எவ்வளவு வேண்டும் என்ற கேள்விகளெல்லாம் வெறும் கழித்தலாகிவிடும். அறிக்கையில் காட்டும்போது 12 ஆல் முழு எண் வகுத்தல் செய்தால் அடி வரும், மீதி அங்குலம். இதற்கு மாறாக 34.6 என்று புள்ளியிட்டு எழுதும் பழக்கம் மிக ஆபத்தானது. தசமத்தில் அது முப்பத்துநான்கரை அடிக்கும் சற்று மேல். எழுதியவரின் மனத்திலோ 34 அடி 6 அங்குலம். 34 அடி 10 அங்குலத்தை ஒருவர் 34.10 என்று பதிந்தால் தரவுத்தளத்துக்கு அது 34.1 தான், 34 அடி 1 அங்குலத்துடன் கலந்துவிடும். ஒன்பது அங்குல நீர் எங்கோ காணாமல் போய்விட்டது, அதற்குப் பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. பிழை காட்டி நிற்கும் ஸ்கிரிப்ட்டை நான் மதிக்கிறேன். இப்படி அமைதியாகத் தவறுவதுதான் என்னை அச்சுறுத்துகிறது.

காணியின் அளவும் இதே இனம். வன்னியில் ஏக்கரில் பேசினாலும் உறுதியில் ஏக்கர், றூட், பேர்ச் என்றுதான் இருக்கும். ஒரு ஏக்கருக்கு 4 றூட், ஒரு றூட்டுக்கு 40 பேர்ச். எல்லாவற்றையும் பேர்ச்சாக்கிச் சேமியுங்கள். 375 பேர்ச் என்பது 2 ஏக்கர் 1 றூட் 15 பேர்ச். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் சாய்கோட்டால் வகுத்தால் விடை தசமமாக வரும். வேறு தரவுத்தள மென்பொருள்களான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிலும் (சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ்) எஸ்கியூஎல் சேர்வரிலும் இரண்டு முழு எண்களை வகுத்தால் விடையும் முழு எண்ணே, மீதி வெட்டப்படும். ஆகவே போஸ்ட்கிரெஸில் சரியாக ஓடிய ஸ்கிரிப்ட்டை மைஎஸ்கியூஎல்லுக்குக் கொண்டுவந்து, தசமத்தை மறைக்க வடிவமைப்புச் சார்பு (பெறுமதியை மாற்றித் தரும் உட்கட்டளை) ஒன்றைப் போட்டால், அது வெட்டாது, கிட்டிய முழு எண்ணாக்கிவிடும். 470 பேர்ச் என்பது 2 ஏக்கர் 3 றூட் 30 பேர்ச். ஆனால் 470 ஐ 160 ஆல் வகுத்தால் 2.9375, அதைத் தசமமின்றிக் காட்டினால் 3 ஏக்கர். அதற்குப் பின்னாலேயே 3 றூட் 30 பேர்ச் என்றும் அச்சாகும். மைஎஸ்கியூஎல்லில் முழு எண் வகுத்தலுக்கு ‘டிவ்’ என்ற தனிக் குறியீடு உண்டு, மீதிக்கு ‘மொட்’. அவற்றையே பயன்படுத்துங்கள்.

தொகைக்கு வருவோம். உங்கள் கூட்டுத்தொகை சிறுத்துப்போனதற்குக் காரணம் காற்புள்ளி. ‘ஃபோர்மட்’ என்ற சார்பு 1250000 ஐ 1,250,000.00 என்று அழகாகத் தரும்; ஆனால் அது தருவது எண்ணன்று, சரம். அந்தச் சரத்தை மாறியில் வைத்துப் பின்னர் கூட்டினால், மைஎஸ்கியூஎல் சரத்தின் தொடக்கத்தில் எண்ணாக வாசிக்கக்கூடிய அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, முதற் காற்புள்ளியில் நின்றுவிடும். பன்னிரண்டரை இலட்சம் ஒரு ரூபாவாகிறது. நாற்பது விவசாயிகளின் தொகை நூறு ரூபாவைத் தாண்டாததில் வியப்பில்லை. போஸ்ட்கிரெஸில் இதையே செய்தால் எண்ணாக மாற்ற முடியாது என்று பிழை வரும். மைஎஸ்கியூஎல்லோ ஓர் எச்சரிக்கையை மட்டும் பதிந்துவிட்டு நகர்ந்துவிடும், அந்த எச்சரிக்கையைக் கேட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு. வரிசைப்படுத்துவதும் கெடும்: சரமாக ஒப்பிட்டால் 9 என்பது 10 க்குப் பின்னால்தான் நிற்கும். பணத்துக்கான நிரலை (அட்டவணையின் நெடுவரிசையை) ‘டெசிமல்’ வகையில், சதத்துக்கு இரண்டு தசம இடங்களுடன் வையுங்கள்; ‘ஃப்ளோட்’ வகை சதங்களைத் துல்லியமாகப் பிடித்துவைக்காது. கூட்டல், சராசரி, வரிசை எல்லாம் முடிந்த பிறகு, அச்சிடும் வினவலில் மட்டும் ‘ஃபோர்மட்’ வரட்டும். அப்போதும் அந்த வடிவமைத்த நிரலுக்கு மூல நிரலின் பெயரையே கொடுக்க வேண்டாம். தொகை என்பது எண், தொகை_எழுத்து என்பது காட்சிக்கானது என்று பெயரிலேயே பிரித்துவிட்டால் ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது குழப்பமிராது.

திகதி. நாம் நாளை முதலில் எழுதுகிறோம், அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள். இணையத்திலிருந்து எடுத்த வடிவக் குறியீடு மாதத்தை முன்வைத்திருந்தால் 03/04/2024 மார்ச் 4 ஆவது இயல்பே. நாள் 12 க்கு மேல் போனால்தான் பிழை தெரியவரும்; மாதத்தின் முதற் பன்னிரண்டு நாட்களும் பிழை சத்தமின்றி உள்ளே போய்விடும். ஆகவே உள்ளே கொடுக்கும் திகதியை எப்போதும் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் 2024-04-03 என்று எழுதுங்கள். எஸ்கியூஎல் சேர்வருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: அங்கே பழைய ‘டேட்டைம்’ வகையில், இணைப்பின் மொழி பிரித்தானிய ஆங்கிலமாக இருந்தால், இந்தக் கோடிட்ட வடிவத்தில்கூட மாதமும் நாளும் இடம்மாறும். கோடுகளின்றி 20240403 என்று எழுதினால் எந்த மொழியமைப்பிலும் அது மாறாது. போஸ்ட்கிரெஸில் சாய்கோட்டுத் திகதியை எப்படி வாசிப்பது என்பதை ‘டேட்ஸ்டைல்’ என்ற அமைப்புத் தீர்மானிக்கிறது. அது சேர்வருக்குச் சேர்வர் வேறுபடலாம், ஆகவே அதை நம்பி ஸ்கிரிப்ட் எழுதக் கூடாது.

வெளியே காட்டும்போது 03.04.2024 என்றோ சாய்கோட்டுடனோ உங்கள் பதிவேட்டு வழக்கப்படி வடிவமைத்துக்கொள்ளலாம். நேரத்தையும் சேர்த்துக் காட்டுவதானால் ஒன்றைக் கவனியுங்கள். போஸ்ட்கிரெஸிலும் ஒராக்கிளிலும் இரண்டு ‘எம்’ மாதத்தைக் குறிக்கும். நிமிடத்துக்கு ‘எம்’ உடன் ‘ஐ’ வர வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் விழுக்காட்டுக் குறியுடன் சிறிய ‘எம்’ மாதம், சிறிய ‘ஐ’ நிமிடம். இதைத் தவறவிட்டவர்களின் அறிக்கையில் ஏப்ரல் மாதம் முழுவதும் எந்த மணிக்கு அளந்தாலும் நான்கு நிமிடம் என்றே இருக்கும்.

நேர வலயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு எடுக்கும் சேர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறோம். ஏப்ரல் 3 காலை 5 மணிக்கு அளந்த நீர்மட்டம் அங்கே ஏப்ரல் 2 இரவு 11.30. நேரத்தை மாற்றாமல் திகதியை மட்டும் வடிவமைத்தால் முதல் நாளுக்குப் போய்விடும். மைஎஸ்கியூஎல்லில் வலயத்தை மாற்றும் சார்புக்கு ஆசியா/கொழும்பு என்று பெயர் கொடுத்தால், வலய அட்டவணைகள் ஏற்றப்படாத சேர்வரில் விடை வெற்றாக வரும்; +05:30 என்று நேரடியாகக் கொடுத்தால் எங்கும் வேலை செய்யும். பழைய பதிவேடுகளைக் கணினிக்கு ஏற்றுகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1996 மே மாதத்தில் நாட்டின் நேரம் முன்னே தள்ளப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் ஐந்தரை மணிக்குத் திரும்பியது. அந்தக் காலத்தில் வன்னியின் பெரும்பகுதியில் பழைய நேரமே புழங்கியது என்பது இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். கொழும்பு வலயத்தின் பெயரைக் கொடுத்து 1998 ஆம் ஆண்டுப் பதிவொன்றை மாற்றினால் கணினி ஆறு மணி நேர வித்தியாசத்தையே எடுக்கும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ அன்று கையால் எழுதிய நேரத்துடன் அது அரை மணி ஒவ்வாது. அத்தகைய பதிவுகளுக்கு நேரடி வித்தியாசத்தைக் கொடுப்பதே சரி.

இனி, பெறுமதியை ஸ்கிரிப்ட்டுக்குள் எப்படிச் செலுத்துவது? வார்ப்புருவில் இடைவெளி விட்டு எழுத்தை ஒட்டும் முறையை இயன்ற இடத்திலெல்லாம் கைவிடுங்கள். மைஎஸ்கியூஎல்லில் ‘பிரிப்பேர்’ கட்டளையில் பெறுமதி வரும் இடத்தில் கேள்விக்குறி இட்டு, ‘எக்ஸிக்கியூட்’ கட்டளையில் மாறியைக் கொடுக்கலாம். போஸ்ட்கிரெஸில் ‘எக்ஸிக்கியூட்’ உடன் ‘யூஸிங்’. எஸ்கியூஎல் சேர்வரில் ‘எஸ்பி_எக்ஸிக்கியூட்எஸ்கியூஎல்’. இவ்வாறு கட்டளையும் பெறுமதியும் வெவ்வேறு வழியில் போகும்போது மேற்கோள்குறி எதுவும் சரத்தை உடைக்க முடியாது. யாராவது வேண்டுமென்றே பெயர்க் கட்டத்தில் அழிக்கும் கட்டளையை எழுதினாலும் அது வெறும் பெயராகவே பதியும். அட்டவணையின் பெயரையோ நிரலின் பெயரையோ மட்டும் இப்படிச் செலுத்த முடியாது. அதற்குப் போஸ்ட்கிரெஸில் ‘கோட்_ஐடென்ட்’, எஸ்கியூஎல் சேர்வரில் ‘கோட்நேம்’ என்ற சார்புகள் இருக்கின்றன. ஆனால் காலபோகத்துக்கு ஓர் அட்டவணை, சிறுபோகத்துக்கு இன்னோர் அட்டவணை என்று ஆண்டுதோறும் பெருக்கிக்கொண்டிருப்பதால்தான் உங்களுக்கு அந்தத் தேவையே வருகிறது என்று ஊகிக்கிறேன். போகத்தையும் ஆண்டையும் இரண்டு நிரல்களாக்கி எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் வைத்தால் அந்தச் சிக்கல் மறைந்துவிடும்.

மைஎஸ்கியூஎல்லின் ‘அட்’ (@) குறியிட்ட மாறிகளுக்கு வகை அறிவிக்கப்படுவதில்லை. எதை இடுகிறீர்களோ அதன் வகையையே அவை எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட்டின் தலைப்பகுதியில் எல்லா மாறிகளையும் ஓரிடத்தில் வைத்து, திகதியைத் திகதியாகவும் தொகையைத் தசமமாகவும் ‘காஸ்ட்’ செய்தே (வகை மாற்றியே) இடுங்கள். எஸ்கியூஎல் சேர்வரில் வகை அறிவிக்கலாம். ஆனால் யூனிகோட் எழுத்துக்கான ‘என்வார்கார்’ வகையை வெறுமனே எழுதி நீளத்தை விட்டுவிட்டால் நீளம் ஒன்று என்று கொள்ளப்படும், முல்லைத்தீவு என்று இட்டால் ‘ம’ மட்டும் மிஞ்சும். அங்கே தமிழ்ச் சரத்தின் முன் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தை இடாவிட்டால் முழுவதும் கேள்விக்குறிகளாகவும் மாறலாம்.

வெற்றுப் பெறுமதிகள் (‘நல்’), அதாவது எதுவும் பதியப்படாத இடங்கள், அடுத்தது. ‘கொன்காட்’ கொண்டு பெயர், காணி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஒரு வரியாக இணைக்கும்போது, மைஎஸ்கியூஎல்லில் அவற்றுள் ஒன்று வெற்றாக இருந்தாலும் முழு வரியும் வெற்றாகிவிடும். தொலைபேசி இல்லாத முதியவரின் பெயர் பட்டியலில் இல்லாமல் போவதற்கு இது போதும். உரப் பட்டியலில் அப்படி ஒருவர் விடுபடுவது சிறிய விடயமன்று. ஒவ்வொரு துண்டையும், வெற்றானால் மாற்றுப் பெறுமதி தரும் ‘கோலெஸ்’ சார்பைக் கொண்டு காத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதை வைத்து நிரப்புகிறீர்கள் என்பதை யோசித்துச் செய்யுங்கள். அளக்காத நாளின் நீர்மட்டத்தை 0 என்று காட்டினால் குளம் வற்றிவிட்டது என்று பொருள்படும். அங்கே ‘அளக்கப்படவில்லை’ என்ற சொல்தான் வர வேண்டும்.

தொலைபேசி இலக்கங்கள் எண்களல்ல. அவற்றை யாரும் கூட்டப் போவதில்லை. எக்செல் வழியாக வந்தால் முன்னாலுள்ள பூச்சியம் போய் ஒன்பது இலக்கங்களே மிஞ்சும். இடப்பக்கம் நிரப்பும் ‘எல்பாட்’ சார்பைக் கொண்டு பத்து இலக்கமாக நிரப்பலாம்தான். ஆனால் அந்தச் சார்பு நீளம் கூடியதை வெட்டவும் செய்யும்: 94 உடன் தொடங்கும் பதினோரு இலக்கத்தைக் கொடுத்தால் கடைசி இலக்கம் சத்தமின்றிப் போய்விடும். முதலில் நீளத்தைச் சோதித்து, ஒன்பதாக இருந்தால் மட்டும் நிரப்புங்கள்.

தமிழ் எழுத்துக்களுக்கு இன்னும் சற்று நின்று பேச வேண்டும். ‘கிளிநொச்சி’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாதலால் அது பத்துக் குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக முப்பது பைட். மைஎஸ்கியூஎல்லின் ‘லெங்த்’ 30 என்றும் ‘கார்_லெங்த்’ 10 என்றும் சொல்லும்; 5 என்று எதுவும் சொல்லாது. ஆகவே அறிக்கையில் நிரலை ஒழுங்காக்க இடதுபக்கம் ஏழு குறியீடு என்று வெட்டினால் ‘கிளிநொச’ என்று அரைகுறையாக நிற்கும். தமிழ்ப் பெயர்களை ஸ்கிரிப்ட்டில் வெட்டவும் வேண்டாம், இடைவெளியால் நிரப்பவும் வேண்டாம். நிரல்களின் அகலத்தை அச்சிடும் மென்பொருளிடம் விட்டுவிடுங்கள். இன்னொன்று: ‘நொ’ வின் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். பார்வைக்கு ஒன்றே, பைட் அளவில் ஒப்பிட்டால் வேறு. போஸ்ட்கிரெஸ் 13 முதல் இதைச் சீராக்க ‘நோர்மலைஸ்’ என்ற சார்பு இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லுக்கு அனுப்பும் செய்நிரலிலேயே சீராக்கிவிட்டு அனுப்ப வேண்டும்.

உங்கள் அமைப்பிலும் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் தரவுத்தளத்தில் ஏற்றவே வேண்டாம். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது உண்மையில் அரைப்புள்ளிக் குறி. எஸ்கியூஎல்லில் கட்டளையை முடிக்கும் குறியும் அதுவே. மேற்கோளுக்குள் இருக்கும்வரை சேர்வருக்கு அதனால் தொல்லையில்லை, ஆனால் கோப்பை அரைப்புள்ளியில் துண்டாக்கி ஓட்டும் எளிய ஸ்கிரிப்ட் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் உடையும். அதைவிடப் பெரிய கேடு, அந்த எழுத்துருவில் ‘க’ வும் ‘கு’ வும் ஒரே ஆங்கில எழுத்தின் சிறியதும் பெரியதுமான வடிவங்கள். மைஎஸ்கியூஎல் இயல்பாகச் சிறிய பெரிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்காது. அதற்குக் ‘கடை’ யும் ‘குடை’ யும் ஒரே சொல். பெயர்களில் இது நிகழ்ந்தால் இரண்டு குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

ஸ்கிரிப்ட்டைத் திருத்திய பிறகு உண்மைப் பட்டியலில் ஓட்டுமுன், தனியான பரீட்சார்த்த அட்டவணை ஒன்றில் ஒரு நிரையை வேண்டுமென்றே கடினமாக அமைத்து ஓட்டிப் பாருங்கள்: பெயருக்குள் ஓர் ஒற்றை மேற்கோள்குறி, வெற்றான தொலைபேசி இலக்கம், 470 பேர்ச் காணி, 418 அங்குல நீர்மட்டம், ஏப்ரல் 3 அதிகாலை 5 மணி, பன்னிரண்டரை இலட்சம் ரூபா. அச்சில் 2 ஏக்கர் 3 றூட் 30 பேர்ச், 34 அடி 10 அங்குலம், 03.04.2024, 1,250,000.00 என்று வந்து, அந்த வரி காணாமல் போகாமலும் இருந்தால், காலபோகப் பட்டியலை அதில் ஏற்றலாம்.